சுவரை எடுத்துவிட்டால் அது ஓப்பன் கிச்சனா?

குரோம்பேட்டையில் ஆரம்பித்து பெருங்களத்தூர் வரைக்கும், இந்தப் பக்கம் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் வரைக்கும் எந்த ஃபிளாட் நோட்டீஸை எடுத்தாலும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: "மாடர்ன் ஓப்பன் கிச்சன்". "ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்" என்ற வரியை எவ்வளவு நம்பலாமோ, அதே அளவுக்குத்தான் இதையும் நம்பலாம்.

சந்தேகம் இருந்தால் நோட்டீஸின் பின்பக்கம் இருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். ஹாலில் சோபா வரைந்திருப்பார்கள். படுக்கையறையில் இரண்டு தலையணையோடு கட்டில் இருக்கும். பார்க்கிங்கில் காரே நிற்கும். சமையலறைக்கு மட்டும் ஒரு அடுப்பு, ஒரு சிங்க். மிஞ்சிப் போனால் ஃப்ரிட்ஜுக்கு ஒரு சின்னக் கட்டம். கிரைண்டர் எங்கே? மிக்ஸி எங்கே? சிலிண்டர், தண்ணீர் கேன்? இட்லி, தோசையே சாப்பிடாத ஊருக்கு வரைந்த படம் போலிருக்கிறது!

ரேஷன் கார்டு குடும்பங்களுக்கு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு ஆரம்பித்தது 2011-ல். கிரைண்டர் ஆடம்பரப் பொருள் இல்லை, வீட்டுக்கு வீடு வேண்டியது என்று அரசாங்கத்துக்கே அப்போது தெரிந்திருக்கிறது. அதற்குப் பல வருஷம் கழித்து அடுக்குமாடி கட்டுபவர்களுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

சரி, அந்தச் சுவரை எதற்காக எடுக்கிறார்கள்? "இடம் மிச்சமாகும் சார்" என்பதுதான் வழக்கமான பதில். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வீட்டுக்குள் எழுப்பும் தடுப்புச் சுவரின் கனம் நாலரை அங்குலம். நீளம் எட்டடி என்று வைத்துக்கொண்டால் அது அடைத்துக்கொள்ளும் இடம் மூன்று சதுர அடி. வெறும் மூன்று! ஒரு சாதாரண ஃப்ரிட்ஜை நிறுத்தக்கூட அது போதாது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டின் உள் தடுப்புச் சுவர்கள் நிற்கும் இடமும் கார்பெட் ஏரியாவில்தான் சேரும். சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்குகிறவர் காசு கொடுப்பது அதே பரப்புக்குத்தான். செங்கல், சிமென்ட், பூச்சு வேலை, ஒரு கதவு, நாலு ஸ்விட்ச் பாயின்ட் எல்லாம் மிச்சமாவது பில்டருக்கு. வாங்குகிறவர் மூன்று சதுர அடி தரையைப் பெற்றுக்கொண்டு, எட்டடிச் சுவரின் இரண்டு முகங்களை இழக்கிறார். ஃப்ரிட்ஜ் முதுகு காட்டி நிற்க வேண்டியதும், மிக்ஸிக்கு பிளக் இருக்க வேண்டியதும், மளிகை அலமாரி தொங்க வேண்டியதும் அந்த முகங்களில்தான். சின்னச் சமையலறையில் தரையைவிடச் சுவருக்குத்தான் பஞ்சம்.

விளைவு என்ன? தேசிய கட்டட விதித் தொகுப்பு, தனிச் சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது. சாப்பிடும் இடமும் அதிலேயே என்றால் 7.5 சதுர மீட்டர், 2.1 மீட்டர் அகலம். அந்த 1.8 மீட்டர் என்பது ஆறடிக்கும் கொஞ்சம் குறைவு. அதில் சமையல் மேடைக்கு இரண்டடி. எதிரே ஃப்ரிட்ஜுக்கு இரண்டடிக்கு மேல். மிச்சம் இரண்டடிகூட இல்லை. ஃப்ரிட்ஜ் கதவை முழுதாகத் திறக்கவும் முடியாது, திறந்துவிட்டு நிற்கவும் முடியாது. அதனால் ஃப்ரிட்ஜ் ஹாலுக்குக் குடிபோகிறது. கிரைண்டர் பின்பக்க பால்கனியில் வாஷிங் மெஷினோடு ஒண்டிக்கொள்கிறது. ஊறிய அரிசியும் உளுந்தும் இங்கே, தண்ணீர்க் குழாய் அங்கே, மாவு வைக்கும் பாத்திரம் இன்னொரு இடத்தில். இதற்குப் பெயர் மாடர்னாம்!

மேல்நாட்டுக்காரர்களைக் காப்பியடிப்பதாவது ஒழுங்காக நடக்கிறதா? 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அளவு ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். நம்மூர் ஃபிளாட் கிச்சன் மாதிரிதான். ஆனால் அவர் ஆரம்பித்தது கையும் காலும் எங்கெங்கே போகின்றன என்ற கணக்கிலிருந்து. மாவு, அரிசிக்குத் தனித்தனி இழுப்பறை முதற்கொண்டு இடம் குறித்துவிட்டுத்தான் கட்டினார்கள். சிறிய சமையலறை என்பது குற்றமே இல்லை. அளக்காமல் கட்டுவதுதான் குற்றம்.

அதேபோல 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 'வேலை முக்கோணம்' என்ற கணக்கைப் பக்குவப்படுத்தினார்கள். அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் கோடு ஒவ்வொன்றும் நாலடிக்குக் குறையக் கூடாது, ஒன்பது அடியைத் தாண்டக் கூடாது. நல்ல கணக்குதான். ஆனால் தமிழ்நாட்டுச் சமையலறைக்கு முக்கோணம் பத்தாது. அரைக்கும் இடம் என்று நாலாவது மூலை ஒன்று இருக்கிறது. தேங்காய்ச் சட்னிக்கு தினமும், மாவுக்கு வாரம் இரண்டு தடவை. அந்த மூலை சிங்குக்குப் பக்கத்தில் இல்லையென்றால், கல்லைக் கழுவத் தூக்குவதிலேயே இடுப்பு போய்விடும்.

சரி, என்னதான் செய்வது? முதலில் சாமான்கள், பிறகு மேடை, கடைசியில் டைல்ஸ். இந்த வரிசையைத் திருப்பிப் போடக் கூடாது.

வெளிச்சுவர் பக்கம் அடுப்பு. அப்போதுதான் புகைபோக்கிக் குழாயைச் சுவரில் ஓட்டை போட்டு வெளியே விட முடியும். மிளகாய் தாளிக்கும் நெடி ஹால் சோபா வரைக்கும் போகாது. அடுப்புக்கு ஒட்டினாற்போல ஃப்ரிட்ஜ் கூடவே கூடாது. சூட்டில் அதன் கம்ப்ரஸருக்கு இரட்டை வேலை. சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். ஒரு சின்னப் பொறி போதும். எனவே சிலிண்டர் பக்கத்தில் தாழ்வான பிளக் பாயின்ட்டும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம்.

டேபிள் டாப் கிரைண்டருக்குச் சிங்கை ஒட்டி, மற்ற மேடையைவிட அரை அடியாவது தாழ்வாக ஒரு திட்டு. ஐந்தடி உயரமுள்ளவர் குதிகாலை உயர்த்தாமல் மாவை வழிக்க வேண்டாமா? இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் இழுப்பது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதை 6 ஆம்பியர் பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டி வைத்து ஓட்டுவது நெருப்போடு விளையாட்டு. தனியாக 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். எல்லாப் பாயின்ட்டும் மேடைக்கு மேலேயே இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்ததைப் பார்த்த பிறகும், தரைத் தளத்து வீட்டில் ஓர் அடி உயரத்தில் பிளக் வைப்பவரை என்ன சொல்வது?

ஓப்பன் கிச்சனுக்கு ஆதரவாக ஒரு நியாயமான வாதம் உண்டு. சமைக்கிற பெண் தனியாக ஓர் அறையில் அடைந்து கிடக்க வேண்டாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், பேச்சில் கலந்துகொள்ளலாம். உண்மைதான். அதற்கு மூன்றரை அடி உயர அரைச் சுவர் போதும். மேலே திறப்பு, கீழே ஃப்ரிட்ஜோ கிரைண்டர் திட்டோ சாய ஓர் இடம், பிளக் வைக்க ஒரு முகம். பேச்சும் கேட்கும், மிக்ஸியும் இடம் பிடிக்கும்.

"திறந்து வைத்தால் ஆண்களும் வேலையைப் பார்த்துக் கைகொடுப்பார்கள்" என்பது இன்னொரு வாதம். ஹாலில் உட்கார்ந்து பார்க்கத்தான் பார்க்கிறார்கள், டிவியையும் சேர்த்து! மேடைக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் நடுவே இரண்டடி சந்து இருக்கும் வீட்டில் இன்னொருவர் உள்ளே வந்தால் "நீங்க வெளிய போங்க, இடிக்குது" என்றுதான் பதில் வரும். வேலையைப் பகிர்ந்துகொள்ள இரண்டு பேர் நிற்க இடம் வேண்டும். மூன்றரை அடி நடைவெளி கொடுத்துவிட்டு அப்புறம் சமத்துவம் பேசலாம்.

வீட்டுக்கடன் வாங்கி இருபது வருஷம் தவணை கட்டப்போகிற குடும்பம் அக்கினி மூலையில் அடுப்பு இருக்கிறதா என்று கேட்கத் தயங்குவதே இல்லை. பில்டரும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார். அதே வாயால் இன்னும் நாலு கேள்வி கேட்டால் என்ன? கிரைண்டர் எங்கே, ஃப்ரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும், சிலிண்டர் எங்கே, 16 ஆம்பியர் பாயின்ட் எத்தனை? நாலையும் வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். குறித்துத் தராதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.