களத்தில் கற்ற தொழிலுக்கும் மதிப்பெண் வேண்டும்

மின்வாரியக் களப் பணி நியமனம் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மின்வாரியத்தின் களப் பணியிடங்களை வெளியாட்களுக்கும் திறந்துவிடுவதை எங்கள் சங்கம் எதிர்க்கவில்லை. காலியிடங்கள் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். தகுதியுள்ள எவருக்கும் போட்டியிட வாய்ப்பு வேண்டும். இடஒதுக்கீடு முழுமையாகப் பின்பற்றப்பட வேண்டும். அதே தேர்வில், ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்த்தே தொழில் கற்றவரின் திறமையும் அளந்து மதிக்கப்பட வேண்டும்.

லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, அதில் மின்சாரம் இல்லையென்று சோதித்து, கம்பியை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டிய பிறகே கம்பியைத் தொட வேண்டும் என்பதை ஐ.டி.ஐ.யில் படிக்கலாம். ஆனால் எந்தக் கம்பத்தில் இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் லைன்கள் சேர்ந்து போகின்றன, சப்ளையை நிறுத்தியும் எந்தக் கட்டடத்து ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் திரும்பி வரக்கூடும் என்பதெல்லாம் அந்தப் பகுதியில் வேலை பார்த்துப் பழகியவருக்கே தெரியும். உயிரைக் காப்பது இந்த அறிவு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபோது, நிரந்தர ஊழியர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர்களும் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். ஐ.டி.ஐ. சான்றிதழ் கட்டாயம் என்றாலோ, வயது வரம்பு தாண்டிவிட்டது என்றாலோ, இந்த ஒப்பந்தத் தொழிலாளர்களால் தேர்வு எழுதவே முடியாது. புதிதாக வருபவருக்கு வேலை சொல்லிக்கொடுப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே.

களத்தில் கற்ற திறமையை மதிப்பதற்குச் சட்டம் தடையாக இல்லை. 2006ஆம் ஆண்டின் உமாதேவி வழக்கில், முறையான தேர்வைத் தவிர்த்துப் பின்வாசல் வழியாக நிரந்தரமாக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பில், கர்நாடக வணிகவரித் துறையில் நெடுங்காலம் தினக்கூலியாக இருந்தவர்கள் முறையான தேர்வில் போட்டியிடும்போது வயது வரம்பைத் தளர்த்தி, அனுபவத்துக்கும் ஓரளவு முன்னுரிமை தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நாங்கள் கேட்பதும் அந்த நியாயத்தையே.

எங்கள் கோரிக்கைகள்:

1. எழுத்துத் தேர்வோடு செய்முறைத் தேர்வுக்கும் மதிப்பெண் வேண்டும். கம்பம் ஏறுவது மட்டும் போதாது. லைனைப் பாதுகாப்பாக நிறுத்துவதும், விபத்தில் சிக்கியவருக்கு முதலுதவி செய்வதும் சோதிக்கப்பட வேண்டும்.

2. களத்தில் உழைத்த ஆண்டுகளுக்கேற்ப, தேர்வெழுத வயதுத் தளர்வும், செய்முறைத் தேர்வில் தேறியவர்களுக்கு உச்சவரம்புடன் கூடிய கூடுதல் மதிப்பெண்ணும் வேண்டும். தனியார் நிறுவனங்களில் இதே வேலையைக் கற்றவர்களுக்கும் இது பொருந்த வேண்டும்.

3. ஐ.டி.ஐ. படிக்காதவர்களின் திறனைச் சோதித்து, இணையான சான்று வழங்க வேண்டும். முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

4. அனுபவத்துக்கு ஒப்பந்ததாரரின் கையெழுத்தை மட்டும் ஆதாரமாகக் கேட்கக் கூடாது. ஒப்பந்ததாரர் மாறிவிடுவார்; சான்று தர மறுக்கவும் செய்வார். வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. பதிவுகளையும் பிரிவு அலுவலக ஆவணங்களையும் ஏற்க வேண்டும்.

வெறும் ஆண்டுக்கணக்குக்காக யாருக்கும் வேலை தரச் சொல்லவில்லை. பாதுகாப்புச் சோதனையில் தவறுபவர், எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும், கம்பம் ஏறக் கூடாது. இந்தக் கண்டிப்பை எங்கள் உறுப்பினர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம். அடுத்த நியமன அறிவிப்பு வருவதற்கு முன்பே இவற்றை விதிகளில் சேர்க்க வேண்டும் என்று அரசையும் மின்வாரியத்தையும் வலியுறுத்துகிறோம்.