கணக்கில் வராத சாம்பல்

அலுவலக கேன்டீனில் நண்பர் ஒருவர் சொன்னார்: "காத்து, வெயில் எல்லாம் நல்லதுதான் பாஸ். ஆனா ராத்திரி ஏழு மணிக்கு ஏசி போட நிலக்கரிதான் வேணும். மலிவு, நம்பகம், பசுமை... மூணுல ரெண்டுதான் கிடைக்கும்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் திருவொற்றியூர்க்காரன். அவர் போட்ட முக்கோணத்தில் எங்கள் பகுதி எங்கே என்று தேடினேன். இல்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. 2012இல் சென்னைக்கு தினம் 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களில் பல மடங்கு. அந்தப் பஞ்சம் தீர்ந்ததில் வல்லூரின் 1,500 மெகாவாட்டுக்கும், வடசென்னை அனல்மின் நிலைய இரண்டாம் கட்டத்தின் 1,200 மெகாவாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை வெளுத்து வாங்கும், ஜனவரியில் தூங்கிவிடும். வெயில் சாய்கிற நேரத்தில்தான் வீடுகளில் தேவை ஏறும். கொதிகலனையோ ஸ்விட்ச் தட்டி நினைத்தபோது அணைக்க முடியாது. இதையெல்லாம் சமாளிக்கும் மின்வாரிய ஊழியர்களைக் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை.

என் சண்டை 'மலிவு' என்ற சொல்லோடு. எந்த நிலையத்தை முதலில் ஓட்டுவது என்பதை ஒரு யூனிட்டுக்கு ஆகும் எரிபொருள் செலவை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். ஒடிசா நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூரில் இறங்கும் செலவு வரை அதில் உண்டு. எரித்தபின் மிஞ்சும் சாம்பலுக்கு அங்கே இடமில்லை. தண்ணீரில் கரைத்து குழாயில் அனுப்பப்படும் அந்தச் சாம்பல், குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் கலந்தது, கழிமுகம் மேடிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் இழந்த வருமானம் யாருடைய மின்கட்டணத்தில் இருக்கிறது?

கந்தகப் புகையைக் குறைக்கும் கருவிகளுக்கு வழிவகுத்த விதியை மத்திய அரசு 2015இல் கொண்டுவந்தது. கெடு 2 வருடம். பிறகு நீட்டிப்பு, மேலும் நீட்டிப்பு. கேட்டால், கருவி வைத்தால் மின்சாரம் விலையேறும் என்கிறார்கள். அப்படியென்றால் இத்தனை நாள் அந்த விலையை எண்ணூர்க்காரர்கள் மூச்சில் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

மென்பொருளில் ஒரு செலவை நிரலில் எழுதாமல் விட்டால் கணினி அதைப் பூஜ்ஜியம் என்றே எடுத்துக்கொள்ளும். வரும் விடை துல்லியமாக இருக்கும், தப்பாகவும் இருக்கும். 1970இல் தொடங்கிய பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அப்பாடா என்பதற்குள் 2024இல் 800 மெகாவாட் மூன்றாம் கட்டம் திறக்கப்பட்டது. அதே கணக்கு, அதே விடை.

வேறு வழி நம்மிடமே இருக்கிறது. உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் காடம்பாறை 400 மெகாவாட் நிலையம் 1980களின் கடைசியிலேயே வந்துவிட்டது. குந்தாவில் இன்னொன்று, 500 மெகாவாட், வருடக்கணக்கில் கட்டப்படுகிறது. இவற்றையும் பேட்டரிகளையும் 'காஸ்ட்லி' என்று ஒதுக்கும்முன் சாம்பலையும் தராசில் வையுங்கள்.

சும்மா கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தை நானும் அனுபவிக்கிறேன். கட்டணம் ஏறினால் நானும் முணுமுணுப்பேன். ஆனால் ஆற்றைத் தூர்வாரும் காசு அதில் இருந்தால் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வேன். அதுவரை இதை மலிவு மின்சாரம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.