கதவில்லாத கச்சேரி

இசை நிகழ்ச்சிகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, நான்கு சுவர்களுக்குள் நடப்பது. அதற்குச் சீட்டு வேண்டும். சீட்டு வாங்கப் பணம் வேண்டும். உடுத்திச் செல்ல நல்ல ஆடை வேண்டும். எங்கே கைதட்டுவது, எங்கே தட்டாதிருப்பது என்ற பழக்கமும் வேண்டும். மற்றொன்று, வானத்தையே கூரையாகக் கொண்டு நடப்பது. அதற்கு இவற்றில் எதுவும் தேவையில்லை, காதிருந்தால் போதும். ஆயினும், இந்த இரண்டாம் வகை நிகழ்ச்சிகளிலும் நம் சிற்றூர்க் குடும்பங்களைக் காண்பது அரிதாகவே இருக்கிறது. கதவே இல்லாத இடத்தில் அவர்களைத் தடுத்து நிறுத்துவது யாது? இத்திங்கள் அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

'ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் சொல் நம் மக்களுக்குப் புதியதன்று. திருவிழா இரவில் தேர்பவனி முடிந்ததும் மேடையேறித் திரைப்படப் பாடல்களைப் பாடும் குழுவுக்கு நம் ஊர்களில் அதுவே பெயர். அதைக் கேட்க ஐந்தாறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருவோர் உண்டு. பாய் விரித்துப் பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு நள்ளிரவு கடந்தும் அமர்ந்திருக்கும் தாய்மாரும் உண்டு. 'நாம் போகலாமா, கூடாதா?' என்று அங்கே எவரும் தயங்குவதில்லை. ஆனால் அதே சொல், வயலினும் குழலும் எக்காளமும் பலர் கைகளில் கூடி ஒலிக்கும் மேலைநாட்டு இசைக்குழுவைக் குறிக்கும்போது, 'அது பெரிய இடத்துச் சமாசாரம்' என்று ஒதுங்கிவிடுகிறோம்.

அச்சொல் பிறந்த கதையை அறிந்தால் இத்தயக்கம் குறையும். பண்டைக் கிரேக்க நாட்டில் நாடகங்கள் குன்றுச் சரிவுகளில், திறந்த வெளியில் நடந்தன. சரிவின் படிகளில் ஊரார் அமர்ந்திருப்பார்கள். அடிவாரத்தில் பாடற்குழுவினர் பாடி ஆடிய களத்துக்கே 'ஆர்க்கெஸ்ட்ரா' என்று பெயர். பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே அப்பெயர் வாத்தியக்காரர்களுக்கு ஆகி வந்தது. மாளிகைக்குள் அது பின்னாளில் குடியேறியதே அன்றி, பிறந்தது வெட்டவெளியில்தான்.

அதை மீண்டும் வெளியே அழைத்து வந்த முயற்சிகளுள் ஒன்று நமக்கு அண்மையிலேயே நடக்கிறது. பிரான்சு நாட்டில் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேருக்கு, இளைஞருள் இருவரில் ஒருவருக்கு, ஏதேனும் ஓர் இசைக்கருவியை வாசிக்கத் தெரியும் என்று ஓர் ஆய்வு காட்டிற்று. வீட்டுக்குள் வாசிக்கும் இவர்களை வீதிக்கு அழைத்தால் என்ன என்று பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங்கும், இசைத்துறைப் பொறுப்பில் இருந்த மோரிஸ் ஃப்ளுரேயும் எண்ணினர். 1982 ஜூன் 21-ஆம் நாள் முதல் இசைத் திருநாள் கொண்டாடப்பட்டது. கேட்போர் காசு கொடுக்க வேண்டியதில்லை, கற்றுக்குட்டியும் வாசிக்கலாம். இவ்விரண்டுமே அதன் உயிர். புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனம் ஜூன் மாதத்தில் இத்திருநாளை நடத்தி வருகிறது.

இத்தகைய ஒரு ஜூன் மாலையில், குயிலாப்பாளையத்து இளைஞர் ஐவரோடு நாம் புதுச்சேரிக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். குயிலாப்பாளையம் செம்மண் மேட்டின்மேல் அமைந்த ஊர். அங்கிருந்து முந்திரித் தோப்புகளைக் கடந்து பெரிய முதலியார்சாவடியில் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடையும்வரை இறக்கம், மிதிக்கவே வேண்டுவதில்லை. பிறகு கோட்டக்குப்பம், முத்தியால்பேட்டை மணிக்கூண்டு என்று சென்றால், ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் புதுச்சேரிக் கடற்கரை. மாலையானதும் கடற்கரைச் சாலையில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை ஆதலால், குறுக்குத் தெரு ஒன்றில் சைக்கிள்களைப் பூட்டி நிறுத்திவிட்டு நடந்தோம்.

இசைக்குழு ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. கடற்காற்றில் இசைத்தாள்கள் பறந்துவிடாதபடி, துணி உலர்த்தும் கிளிப்புகளால் அவற்றைக் கவ்வி வைத்திருந்தனர். முன்னே சில நாற்காலிகள் காலியாக இருந்தன. ஆனால் நம்மோடு வந்தவர்களுள் ஒருவர் தொலைவிலேயே நின்றுவிட்டார்.

"சாமி, இங்கேயே நிற்போம். முன்னால் போனால் யாராவது ஏதாவது சொல்வார்கள்."

"யார் சொல்வார்கள், தம்பி?"

"நாற்காலி போட்டிருக்கிறார்களே, சாமி. அது நமக்கா?"

இந்த இளைஞர் சாமானியர் அல்லர். திருமணத்துக்கும் தேருக்கும் இறுதி ஊர்வலத்துக்கும் வாசிக்கும் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுபவர். இசையை நம்பி வாழ்கிற ஒருவரே இசை நடக்கும் இடத்தில் 'நமக்கா?' என்று கேட்கிறார். அவரைத் தடுக்க அங்கே காவலர் எவரும் இல்லை. தலைமுறை தலைமுறையாக 'எட்டி நில்' என்று கேட்டுக் கேட்டு, அந்தக் காவலர் அவர் நெஞ்சுக்குள்ளேயே குடியேறிவிட்டார்.

கையைப் பிடித்து அழைத்துச் சென்று அமர்த்தினோம். நாகசுரத்தைப் போலவே இரட்டைச் சீவாளி கொண்டு ஊதப்படும் ஓபோ என்னும் கருவி முதலில் ஒரு சுரத்தை நீட்டி ஒலித்தது. மற்றவர்கள் தத்தம் கருவிகளை அதனோடு சேர்த்துக்கொண்டனர். சிறிது நேரத்தில் வயலின்களின் ஒலி தணிய, ஒற்றைக் கிளாரினெட் எழுந்து தனித்துப் பாடிற்று. நம் இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சாமி, அது என் வாத்தியம்!" என்றார். அதன் பின் நாற்காலியைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஊர் திரும்பும்போது மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபடி, எந்த விரலை எப்படி வைத்தார்கள் என்றே பேசி வந்தார்.

இது சிறிய காரியமா? வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் ஒலித்த காலத்தில், மணலியில் தங்கியிருந்த தீட்சிதர் குடும்பத்தார் அதைக் கேட்டனர் என்பர். முத்துசாமி தீட்சிதர் அம்மெட்டுகளில் சிலவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுசுர சாகித்தியங்கள் எனப்படுகின்றன. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்று, அதை நம் இசைக்குப் பழக்கினார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியைக் காண்பதே அரிது. பேண்டு செட்டின் கிளாரினெட்டும் அவ்வாறே. ஏ. கே. சி. நடராஜன் அதைக் கருநாடக இசை மேடையில் தனிக் கருவியாகவே நிலைநாட்டினார். 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அயலார் இசையாயிற்றே என்று செவியைப் பொத்திக்கொண்டிருந்தால் இவையெல்லாம் நமக்குக் கிட்டியிருக்குமா?

நியூயார்க் நகரின் பில்ஹார்மோனிக் இசைக்குழு 1965 முதல் பூங்காக்களில் இலவசமாக வாசித்து வந்துள்ளது. 1986 ஜூலை 5-ஆம் நாள் சென்ட்ரல் பூங்காவில் அதைக் கேட்கக் கூடியோர் ஏறத்தாழ 8 லட்சம் பேர் என்று மதிப்பிட்டனர். அன்று அக்குழுவை நடத்தியவர் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா. இந்தியர் ஒருவர் மேடையில் நின்று நடத்தக்கூடிய இசையை, இந்தியர் தரையில் அமர்ந்து கேட்கக் கூடாதா?

எனினும் 'இலவசம்' என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு ஆள வேண்டும். நால்வர் கொண்ட குடும்பம் ஆட்டோ பிடித்து நகருக்குப் போய்த் திரும்பினால், கட்டணமில்லாக் கச்சேரிக்கும் ஒரு நாள் கூலி கரைந்துவிடும். கடைசிப் பேருந்தை எண்ணி, நிகழ்ச்சி நடுவிலேயே எழுந்துவிடவும் நேரும். இந்த இரு தளைகளையும் அறுப்பது சைக்கிள். மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியருக்குத் தமிழக அரசு வழங்கிய சைக்கிள்கள் பல வீடுகளில் உள்ளன. அவை பள்ளிக்கு மட்டுமே உரியவை என்று எவரும் விதிக்கவில்லையே!

பெண் பிள்ளைகளை இதில் விட்டுவிடாதீர்கள் எனப் பெற்றோரை வேண்டுகிறோம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினர். எழுத்தறிவோடு ஏன் சைக்கிள் என்று கேட்டோரும் இருந்தனர். பிறர் கைபாராமல் நினைத்த இடத்துக்குப் போய் வருவதும் ஒரு கல்வியே என்பதை அப்பெண்கள் காட்டினார்கள். அண்ணன் இசை கேட்கச் செல்ல, தங்கை வீட்டில் பாத்திரம் துலக்குவது முறையன்று.

செல்வோர்க்குச் சில குறிப்புகள். தனியே செல்லாது குழுவாகச் செல்லுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் விரைவாக வரும். முன்னே விளக்கும், பின்னே சிவப்புப் பிரதிபலிப்பானும் இன்றி இரவில் ஓட்டாதீர்கள். திறந்த வெளியில் ஒலியைத் திருப்பித் தரச் சுவர் இல்லை. எக்காளம் எட்டும் தொலைவுக்கு வயலின் எட்டாது. ஆகவே முன்னே சென்று, காற்று இசைக்குழுவிடமிருந்து உங்களை நோக்கி வீசும் பக்கமாக அமருங்கள். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கருவியையும் சுட்டிக் காட்டுங்கள். பெயர் தெரியாவிட்டால் முடிந்தபின் வாசித்தவரையே கேளுங்கள். தம் கருவியைப் பற்றிக் கேட்டால் மகிழாத கலைஞர் இல்லை.

நாற்காலி காலியாக இருந்தால் அதில் அமருங்கள். 'அது நமக்கா?' என்று பிள்ளைகள் கேட்டால், 'ஆம், நமக்கும்தான்' என்று சொல்லுங்கள். அதை அவர்கள் பெற்றோர் வாயிலிருந்து கேட்பதே நலம். வரும் ஜூன் மாதத்துக்கு முன் சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வையுங்கள்.