சான்றிதழ் கிடைத்த பிறகு: கண்டியின் இளம் பிளம்பர்களும் நமது பங்கும்

கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் பயிற்சி முடித்து வெளிவரும் இளைஞரின் கையில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் ஒன்று இருக்கும். அடுத்து என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வெளிநாடு போய்க் கடனை அடைக்கலாமே என்பார் தகப்பனார். டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் போடு என்பார் ஆசிரியர். கூட்டிக்கொண்டு போய் வேலை காட்டித் தந்த பாஸோ, இரண்டு வருஷம் என்னோடு நில், பிறகு பார்க்கலாம் என்பார். மூவரும் அந்தப் பிள்ளையின் நன்மையை நினைத்தே சொல்கிறார்கள். இவற்றில் எதைத் தேர்வது என்பதை இருபது வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதுதான் சரியில்லை.

இலங்கையின் தேசிய தொழிற்தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ்கள்; ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள்; ஏழாவது பட்டத்துக்குச் சமம். பிளம்பர் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் மூன்றாம் அல்லது நான்காம் மட்டத்தில் நிற்கிறார்கள். ஐந்தாம், ஆறாம் மட்டங்களுக்கு மாகாணத்துக்கு ஒன்றாக அமைந்த தொழில்நுட்பவியல் கல்லூரிகள் இருக்கின்றன. மத்திய மாகாணத்துக்குரியது கண்டியிலேயே உள்ளது. அதற்கும் மேலே இரத்மலானையில் யுனிவொடெக் பல்கலைக்கழகம். சாதாரண தரத்தோடு பாடசாலையை விட்ட பிள்ளைக்கும் பட்டம் வரை ஒரு பாதை உண்டு என்பது சிறிய விடயமல்ல. பிள்ளையை மேலே படிக்கச் சொல்லும் ஆசிரியர் இதைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார். வரைபடம் வாசிக்கவும், செலவு மதிப்பிடவும், வேலையை மேற்பார்வையிடவும் தெரிந்த ஒருவருக்கு முதுமையிலும் தொழில் இருக்கும். குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலையை முழங்கால் எத்தனை வருடம் தாங்கும் என்பதைக் குடும்பங்களும் யோசிக்கத்தான் வேண்டும்.

ஆனால் பாஸ் சொல்வதைத் தட்டிவிட முடியாது. குறிப்பாகக் கண்டியில் முடியாது. இது மலைச்சரிவில் கட்டிய ஊர். அம்பிட்டியவிலோ ஹந்தானையிலோ ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தாங்கி மேலே வீதியோரத்தில் இருக்கும். வீடு கீழே பல படிகள் இறங்கியபின் வரும். பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடும். முப்பது மீற்றர் கீழே இருக்கும் வீட்டுக் குழாயில், மோட்டர் எதுவும் இல்லாமலே மூன்று பார் அழுத்தம் நிற்கும். ஹார்ட்வெயார் கடையில் குழாய் வாங்கும்போது அதில் 600, 1000 என்று அச்சிட்டிருப்பது அந்தக் குழாய் தாங்கும் அழுத்தத்தைத்தான். 600 என்றால் ஆறு பார், 1000 என்றால் பத்து பார். திடீரென்று குழாயை மூடும்போது தண்ணீர் அடிக்கும் அடியில் அழுத்தம் இன்னும் ஏறும். எந்த இடத்தில் எந்தக் குழாய், எங்கே அழுத்தம் குறைக்கும் வால்வு என்பதை வகுப்பறையின் சமதரையில் முழுதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

வெட்டிய குழாயின் விளிம்பைச் சீவித் துடைத்து, இரு பக்கமும் கம் பூசி, உள்ளே தள்ளிக் கால்வட்டம் திருப்பி, நழுவாமல் பிடித்துக்கொள்ளும் அந்தச் சில விநாடிகளில்தான் பாஸின் அனுபவம் தெரியும். பிறகு சுவரைப் பூசுவதற்கு முன் குழாயில் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பியால் அழுத்தம் ஏற்றி, மானியின் முள் இறங்குகிறதா என்று பார்த்தபடி காத்திருப்பார். இந்தப் பொறுமை பார்த்துப் பழகித்தான் வரும்.

கண்டியில் குழாய்வேலையில் நேரும் தவறு ஒரு வீட்டுக்காரரின் பிரச்சினையோடு நின்றுவிடுவதில்லை. சரிவில் புதைத்த குழாய் கசிந்தால் மண் ஊறும். கழிவுநீர்க் குழியைத் தவறான இடத்தில் வெட்டினால் கீழ்வீட்டுக்காரரின் மதிலுக்கும் கிணற்றுக்கும் ஆபத்து. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தில் ஏற்படுத்திய மண்சரிவுகளுக்குக் காரணம் பெருமழைதான். அதைப் பிளம்பர் தடுத்திருக்க முடியாது. ஆனாலும் சரிவு நிலத்தில் தண்ணீரை எங்கே விடுவது என்பதை இனி எவரும் அசட்டையாக எடுத்துக்கொள்ள முடியாது. கண்டி வாவியிலிருந்து கெட்டம்பே பக்கமாக மகாவலிக்கு ஓடும் மெத எலயின் நிலைமையும் நமக்குத் தெரியும். வீடுகளும் கடைகளும் விடும் கழிவுநீர் அதில் கலக்கிறது. ஜப்பானியக் கடனுதவியுடன், கன்னொருவையில் சுத்திகரிப்பு நிலையத்தோடு அமைக்கப்பட்ட நகரக் கழிவுநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. பெரிய குழாயை அரசாங்கம் போட்டுவிடலாம். வீட்டு வாசலிலிருந்து அந்தக் குழாய் வரை சரியான சாய்வில் இணைப்பது ஒரு பிளம்பரின் கைவேலை.

வெளிநாட்டுப் பயணத்தைக் குறை சொல்வதும் நியாயமாகாது. 2022 பொருளாதார நெருக்கடி ஆண்டில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணம் பல குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தது. வளைகுடாவின் பெரிய கட்டடங்களில் வேலை செய்து திரும்பியவர்கள் சூடேற்றி ஒட்டும் பிபிஆர் குழாய், வெந்நீர்ச் சுற்றோட்டம், அழுத்தப் பம்பிகள் எல்லாம் பழகி வருகிறார்கள். கண்டியின் ஹோட்டல்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் தேவையான திறன்கள் இவை. ஆனால் சான்றிதழோடு மட்டும், அனுபவம் இல்லாமல் போகிற பிள்ளை பெரும்பாலும் உதவியாளர் சம்பளத்துக்குத்தான் போகிறது. அதே பிள்ளை இரண்டு வருடம் கழித்துப் போனால் பேரம் பேசும் நிலையில் இருக்கும்.

ஆகவே எங்களுக்கு நியாயமாகப் படும் ஒழுங்கு இது. முதலில் உள்ளூரில் ஒரு நல்ல பாஸின் கீழ் இரண்டு வருடம்; செய்த வேலையை எழுதிவைக்கும் குறிப்பேட்டோடு, நான்காம் மட்ட மதிப்பீட்டை இலக்காக வைத்து. அந்தக் காலத்திலேயே பம்பி, வெந்நீர், கழிவுநீர் இணைப்பு ஆகியவற்றுள் ஒன்றில் குறுகிய பயிற்சி. அதன் பிறகு டிப்ளோமாவா, வெளிநாடா, சொந்தத் தொழிலா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். குடும்பக் கடன் கழுத்தை நெரிக்கும் பிள்ளைக்கு இந்த ஒழுங்கு பொருந்தாமல் போகலாம்; அவரைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. மற்றவர்களுக்கு இந்த இரண்டு வருடம் வீணாகாது.

ஆனால் இந்த வழி தானாகத் திறந்துவிடாது. பயிற்சி கொடுத்த பையனை அடுத்த மாதமே வேறொருவர் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார் என்று கொந்தராத்துக்காரர்கள் சொல்வது உண்மை. இரண்டு வருடம் நின்றும் நாள் கூலி கூடவில்லை, சாமான் தூக்குவதைத் தவிர வேறொன்றும் காட்டித் தரவில்லை என்று இளைஞர்கள் சொல்வதும் உண்மை. ஒரு பிரதேசத்துக் கொந்தராத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து, கூலி எந்தப் படியில் எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் இரு தரப்பின் பயமும் குறையும். வகுப்புக்காக வாரத்தில் அரை நாள் விடுவது எந்த வேலைத்தளத்தையும் முடக்கிவிடாது.

சான்றிதழ் இல்லாமல் இருபது முப்பது வருடம் தொழில் செய்த பாஸ்மாரை நாம் மறந்துவிடக் கூடாது. அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறை நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் உண்டு. விண்ணப்பப் படிவம் நிரப்பத் தயங்கும் பாஸுக்கு அவரிடம் வேலை பழகும் பிள்ளை அதை நிரப்பிக் கொடுக்கலாம். தன் கையிலும் சான்றிதழ் உள்ள பாஸுக்கு, சான்றிதழோடு வரும் பையன் போட்டியாளனாகத் தெரியமாட்டான்.

மொழியும் ஒரு தடைதான். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ்மொழிப் பயிற்சி போதவில்லை என்ற குறை நீண்டகாலமாக இருக்கிறது. தமிழில் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பதில்லை என்ற நிறுவனங்களின் சிரமமும் பொய்யல்ல. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்திருக்கும் அனுபவசாலிகளைப் பகுதிநேரப் பயிற்றுநர்களாக அழைத்தால் இரண்டு குறையும் ஓரளவு தீரும். கண்டிப் பட்டறைகளில் சிங்களமும் தமிழும் ஏற்கனவே கலந்துதான் ஓடுகின்றன. வகுப்பறையும் அப்படி ஓடலாம். மாநகர சபையும் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் தங்கள் வேலைத்தளங்களில் பயிலுநர்களுக்கு இன்னும் சில இடங்களை ஒதுக்கினால், அங்கே கற்றவர்கள் இந்த நகரத்தின் குழாய்களையே நாளை பழுது பார்ப்பார்கள்.

வீட்டுக்காரர்களாகிய நம்மிடம் இரண்டு வேண்டுகோள்கள். அடுத்த முறை குழாய் வேலைக்கு ஆள் பிடிக்கும்போது கூலியை மட்டும் பேசாமல், சுவர் பூசுவதற்கு முன் அழுத்தச் சோதனைக்கு ஒரு நாள் ஒதுக்கிக் கொடுங்கள். பாஸோடு வரும் இளைஞர் தன் குறிப்பேட்டை நீட்டினால், வேலையைப் பார்த்து, அது திருப்தியாக இருந்தால் கையொப்பமிட்டுக் கொடுங்கள்.