"பணம் இருக்கு, திருட மாட்டார்"னு சொல்லி ஓட்டுக் கேட்காதீங்க

அன்பான காங்கிரஸ் சொந்தங்களே, கூட்டணிக் கட்சித் தோழர்களே,

2019 தேர்தலில் கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதியில் நம்ம வேட்பாளர் எச். வசந்தகுமார் அண்ணாச்சி. 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. வேட்புமனுவோடு அவர் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் சொத்து மதிப்பு 417 கோடி ரூபாய். எதிரணி அதை வெச்சுக் கிண்டல் பண்ணுது, பண்ணட்டும். நம்ம ஆட்களே அதைப் பெருமையாகப் பகிர்வதுதான் உறுத்துகிறது. "ஏற்கெனவே கோடீஸ்வரர், இவருக்கு எதுக்கு லஞ்சம்? திருடவே மாட்டார்."

தயவுசெய்து இதை விட்டுடுங்க. இந்த ஒரு வரி அண்ணாச்சிக்கு நல்லது செய்யவில்லை. நமக்கும் இல்லை.

இதே மண் 1969 இடைத்தேர்தலிலும், பிறகு 1971லும் காமராஜரை டெல்லிக்கு அனுப்பியது. அப்போது இது நாகர்கோவில் தொகுதி. கடைசிவரை வாடகை வீட்டில் இருந்தவர் அவர். பணம் இருப்பவன்தான் நேர்மையாக இருப்பான் என்று நாம் பேசினால், அந்தப் பேச்சு முதலில் யார்மேல் போய் விழுகிறது என்று யோசியுங்கள். நாளைக்கு ஒரு மீனவரையோ முந்திரி ஆலைத் தொழிலாளியையோ நம்ம கட்சியே நிறுத்தினால் என்ன சொல்லி ஓட்டுக் கேட்பீங்க?

அதோடு, விஜய் மல்லையாவிடம் பணம் இல்லாமலா இருந்தது? 2002லும் 2010லும் மாநிலங்களவைக்குப் போனார். 2016 மார்ச்சில், வங்கிக் கடன் பாக்கி அப்படியே நிற்க, நாட்டை விட்டே போனார். எம்.பி. பதவியை ராஜினாமா செய்தது அதற்கும் பிறகு, மே மாதத்தில். ஒருத்தர் கையில் எவ்வளவு இருக்கு என்பதை வைத்து அவர் எப்படி நடப்பார் என்று சொல்லவே முடியாது.

அப்போ அண்ணாச்சியைப் பற்றி என்ன சொல்வது? சொல்ல நிறைய இருக்கு.

அகஸ்தீஸ்வரத்துப் பிள்ளை. வி.ஜி.பி.யில் விற்பனையாளராக வேலை பார்த்துவிட்டு, 1978ல் சொந்தமாகக் கடை போட்டார். தவணை முறை வியாபாரம் என்றால் என்னவென்று நம்ம வீடுகளுக்குத் தெரியும். முன்பணம் கொஞ்சம், மீதி மாசாமாசம். அந்த வியாபாரத்தில் நாற்பது வருஷம் இருந்தவருக்கு எந்த வீட்டில் சம்பளம் ஒண்ணாம் தேதி வரும், எந்த வீட்டில் வாராவாரம் கூலியாக வரும், எந்த மாசம் காசே வராது என்பதெல்லாம் கணக்குப் புத்தகத்திலேயே தெரிந்துவிடும். மேற்குக் கரையில் ஜூன் 1லிருந்து ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாசமும் விசைப்படகில் போகிறவர் வீட்டில் தவணை கட்டுவது லேசான காரியமா? (வசூலிக்கிற பக்கம் நின்று பார்த்தவர்தானே என்று கேட்பீங்க. உண்மைதான். ஆனால் டெல்லியில் பட்ஜெட் போடுகிற பலர் எந்தப் பக்கமும் நின்று பார்த்ததில்லை.)

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள். மறுநாள் கடையில் என்ன நடந்தது என்று ஒரு கடைக்காரரைக் கேளுங்கள், பொருளாதார நிபுணர் தேவையில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் 28 சதவீதம். ஒரு வருஷம் கழித்து அதே அரசு அதை 18 ஆக்கியது. 32 இன்ச் டி.வி. 2019 ஜனவரியில்தான் 18க்கு வந்தது. அப்போது நம்ம தொகுதியின் எம்.பி.யாக இருந்த பொன். ராதாகிருஷ்ணன் அவர்கள் 2017 செப்டம்பரிலிருந்து 2019 வரை நிதித்துறை இணை அமைச்சராக இருந்தார். மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் உள்ள சின்னக் கடைக்காரர்கள் அந்த இரண்டு வருஷம் எப்படி ஓட்டினார்கள் என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

இங்கேதான் நாம் நேர்மையாக ஒன்று பேசணும். டி.வி., ஏ.சி. விற்கிறவர் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து டி.வி., ஏ.சி. வரியைப் பற்றிப் பேசலாமா? வரி விகிதத்தை முடிவு செய்வது ஜி.எஸ்.டி. கவுன்சில், எம்.பி. இல்லை என்று சொல்லி நழுவலாம். அது வேண்டாம். மத்திய அரசோடு பொருள் சப்ளை ஒப்பந்தம் வைத்திருப்பவர் எம்.பி. ஆகவே முடியாது என்று 1951ஆம் வருஷத்துச் சட்டத்தின் 9ஏ பிரிவு சொல்கிறது. மாநிலங்களவையில் உறுப்பினர்களின் தொழில் நலன்களைப் பதிய ஒரு பதிவேடு உண்டு. மக்களவையில் அப்படி ஒன்று இல்லை. இருக்கணும் என்பது நம் கருத்து. வரும்வரை காத்திருக்காமல், தன் தொழிலைத் தொடுகிற விவாதம் வரும்போதெல்லாம் "இது என் தொழில்" என்று முதலில் சொல்லிவிட்டு அண்ணாச்சி பேசணும். அவரை ஜெயிக்க வைக்கப் பாடுபடுகிற நமக்கு இதைக் கேட்க உரிமை இருக்கு.

"கடைக்காரருக்குக் கடல் தெரியுமா" என்றும் ஒரு கேள்வி சுத்துது. 2006லும் 2016லும் நாங்குநேரியில் ஜெயித்த எம்.எல்.ஏ. அவர். 2014ல் இங்கே கூட்டணியே இல்லாமல் நின்று, 1,28,662 ஓட்டில் தோற்றாலும் இரண்டாம் இடம் வந்தார். சரி, கடலைப் பற்றித் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? இனயத்தில் துறைமுகம் வேண்டாம் என்று மீனவர்கள் சொன்னார்கள், கோவளத்துக்கு மாற்றினார்கள். அங்கேயும் வேண்டாம் என்றார்கள். ஒக்கி புயலில் போனவர்களைத் தேடச் சொல்லி 2017 டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார வேண்டியிருந்தது. மத்திய அமைச்சர் ஒருவர் எம்.பி.யாக இருந்த தொகுதியில்!

ஒரு வேலை சொல்கிறோம். தேர்தல் ஆணைய இணையதளத்தில் அண்ணாச்சியின் பிரமாணப் பத்திரம் இருக்கு. 2019 தேர்தலிலிருந்து ஐந்து வருஷ வருமானக் கணக்கும் அதில் காட்டியாகணும். பதிவிறக்கி போனில் வெச்சுக்கோங்க. டீக்கடையில் யாராவது 417 கோடியைக் கேட்டால் மழுப்ப வேண்டாம், திறந்து காட்டுங்க. எதிர் வேட்பாளருடையதும் அங்கேயே இருக்கு, அதையும் சேர்த்தே காட்டுங்க.