காந்த எழுத்துகள்



இக்காலத்தில் குளிர்பதனப் பெட்டியின் கதவு வீட்டின் அறிவிப்புப் பலகையாகிவிட்டது. மின்கட்டணச் சீட்டு, தேர்வு அட்டவணை, அவசரத் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை அக்கதவில் பிடித்து நிறுத்துபவை சிறு காந்த வில்லைகள். அவற்றுள் சில, சுற்றுலா சென்ற இடங்களில் வாங்கியவை. சில, உணவகங்கள் விளம்பரத்திற்காகக் கொடுத்தவை. ஆங்கில எழுத்து வடிவக் காந்தங்களும் பல வீடுகளில் உண்டு. உங்கள் வீட்டுக் கதவில் தமிழ் எழுத்து ஒன்றேனும் உண்டா?

விடுமுறை நாள்களிலும் மன்றக் கூட்டங்களிலும் மாணவர்கள் குழுவாக அழகுக் காந்தங்கள் செய்கின்றனர். பூவும் பழமும் வண்ணத்துப்பூச்சியுமே பெரும்பாலும் உருவாகின்றன. அவை அழகியவையே. ஆயினும், தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் நாம் அக்கைவினையைத் தமிழ் எழுத்துகளுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதே என் கருத்து.

அதற்குக் காரணம் உண்டு. நமக்குத் தமிழ் காதில் விழுகிறது; கண்ணில் படுவதில்லை. தெருப்பெயர், கடைப்பலகை, பேருந்தின் நெற்றி என எங்கும் வேறு எழுத்துகளே நிற்கின்றன. உறவினருக்கு அனுப்பும் தமிழ்ச் செய்தியையும் ஆங்கில எழுத்துகளாலேயே எழுதிவிடுகிறோம். அவ்வாறு எழுதும்போது 'அரை' என்பதும் 'அறை' என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. 'மனம்', 'மணம்' என்னும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. இந்நிலை நீடித்தால், பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தலைமுறையாக நாம் நின்றுவிடுவோம்.

தமிழில் 247 எழுத்துகள் உள்ளனவே, அத்தனையும் செய்ய இயலுமா என்று நீங்கள் கேட்கலாம். அத்தனையும் தேவையில்லை. 'க' முதல் 'ன' வரையிலான 18 அகர எழுத்துகளைச் செய்யுங்கள். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு ஆகிய 4 குறிகளைத் தனியே செய்யுங்கள். ஔகார வரிசைக்கு வேண்டிய வலப்பக்க வடிவத்திற்கு 'ள' என்னும் எழுத்தே உதவும். இந்த 22 வடிவங்களைக் கொண்டு 144 உயிர்மெய் எழுத்துகளை அமைத்துவிடலாம். இ, ஈ, உ, ஊ வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டிவிடுவதால், அந்த 72 எழுத்துகளை மட்டும் முழுமையாகச் செய்ய வேண்டும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 125 வடிவங்களே. பத்துப் பேர் கூடினால் ஒருவருக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோதான் வரும். 'மாமா' போன்ற சொற்களுக்காகச் சில வடிவங்களை இரண்டாகச் செய்துகொள்க.

இந்த எளிமைக்கு 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தமும் ஒரு காரணம். அதற்கு முன் ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழிந்து இணைந்திருந்தது. ணை, லை, ளை, னை ஆகியவையும் வேறு வடிவில் இருந்தன. இன்று ஒரே துணைக்கால் 18 எழுத்துகளுக்கும் பொருந்துகிறது. இதனைப் புத்தகத்தில் படிப்பதினும், கையால் பொருத்திப் பார்க்கும்போது நன்கு உணரலாம். இந்தியில் இகரக் குறி எழுத்துக்கு முன்னே நின்று பின்னே ஒலிப்பதை நீங்கள் அறிவீர்கள். நம் கொம்புகளும் அவ்வாறே முன்னே நின்று பின்னே ஒலிப்பவை.

செய்முறை எளியது. மைதா இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு எடுத்து, ஏறத்தாழ ஒரு பங்கு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கெட்டியாகப் பிசைந்து, மெல்லிய எழுத்துகளாக வடித்து வெயிலில் நன்கு உலர்த்துங்கள். பின்னர் வண்ணம் தீட்டி மெருகெண்ணெய் பூசுங்கள்; மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் மெருகு பூசாத உப்புமாவு இளகிவிடும். இறுதியில், பழைய விளம்பரக் காந்தத் தகட்டை வெட்டிப் பின்புறம் ஒட்டுங்கள். காந்த ஆற்றல் மிக்க சிறு உலோகக் குண்டுகளை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். குழந்தைகள் இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஊறு செய்யும். காந்தம் ஒட்டாத எஃகுக் கதவுகளும் உண்டு; அத்தகைய வீடுகளில் இரும்பு பீரோ கைகொடுக்கும்.

தேர்வுக்குப் படிக்கும் நேரம் இதனால் வீணாகும் என்பர் சிலர். கைப்பேசிச் செயலியே எழுத்தைக் கற்பித்துவிடும் என்பர் வேறு சிலர். செயலி கற்பிப்பது உண்மையே. ஆனால் திறந்தால்தான் அது கற்பிக்கும். கதவில் உள்ள எழுத்தோ, தண்ணீர் எடுக்கச் செல்லும்போதெல்லாம் கண்ணில் படும். 'கரை' என்பதில் 'ர' வை எடுத்துவிட்டு 'ற' வை வைத்தால் 'கறை' ஆகிறது. ஒரு வில்லை மாறினால் பொருள் மாறுவதை ஐந்து வயதுத் தம்பியும் கண்டுகொள்வான். கடையில் வாங்கிய பொம்மையை அவன் ஒரு வாரத்தில் மறந்துவிடக்கூடும். அக்காள் வடித்த 'ழ' வை அவ்வளவு எளிதில் மறக்கமாட்டான்.

ஆகவே, அடுத்த மன்றக் கூட்டத்தில் பூக்களோடு எழுத்துகளையும் வடியுங்கள். முதலில் உங்கள் பெயரையும், அடுத்து உங்கள் சொந்த ஊரின் பெயரையும் கதவில் அமையுங்கள். அதன்பின் நாள்தோறும் ஒரு புதிய சொல் அங்கே இடம்பெறட்டும்.

சிந்தித்து எழுதுக

1. உங்கள் ஊரின் பெயரை அமைக்க எத்தனை காந்த வடிவங்கள் தேவை? அவற்றை வரிசையாக எழுதுக.
2. ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும் சொற்களில் ஐந்து இணைகளைத் தருக.
3. 'எழுத்தைக் கற்கக் கைப்பேசியே போதும்' என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.