தேவையும் பழக்கமும்



எமது வகுப்புக்கு வரும் ஒரு சகோதரியின் கணவர் 11 வருடங்களாகக் கட்டாரில் தொழில் புரிகிறார். "கூரையைப் போட்டு முடித்ததும் வந்துவிடுகிறேன்" என்று சொல்லித்தான் போனார். கூரை முடிந்தது. பின்னர் தரைக்கு டைல்ஸ், அதன்பின் மேல்மாடி, இப்போது வாகனம். "எல்லாம் தேவைதானே மௌலவி?" என்று அச்சகோதரி கேட்டார்.

மனிதத் தேவைகளை எமது இமாம்கள் மூன்று படிகளாக வகுத்துள்ளனர். ஹிஜ்ரி 790 (கி.பி. 1388) இல் மறைந்த இமாம் ஷாதிபி (ரஹ்) அவர்கள் 'அல்முவாஃபகாத்' எனும் நூலில் இதனை விரிவாக விளக்குகிறார்கள். முதலாவது, ழரூரிய்யாத். இவை இல்லாவிட்டால் வாழ்வே குலைந்துவிடும். மார்க்கம், உயிர், சந்ததி, செல்வம், அறிவு ஆகிய ஐந்தின் பாதுகாப்பு இதில் அடங்கும். இரண்டாவது, ஹாஜிய்யாத். இவை இன்றியும் வாழலாம், ஆனால் கஷ்டம். மூன்றாவது, தஹ்ஸீனிய்யாத். இவை வாழ்வை அழகுபடுத்துபவை. மூன்றுக்கும் இஸ்லாத்தில் இடமுண்டு.

சிக்கல் எங்கே? அழகுக்காக வீட்டுக்குள் வந்த பொருள், பழகப் பழக முதலாம் படியில் ஏறி அமர்ந்துவிடுகிறது. 2022 இல் காஸும் இல்லாமல், 13 மணித்தியாலம் வரை மின்சாரமும் இல்லாமல் இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். அரிசிக்கும் மருந்துக்கும் பிள்ளையின் பால்மாவுக்கும்தான் பதறினோம். கண்ணாடி அலுமாரியை யார் நினைத்தார்கள்?

புதிய பொருளெல்லாம் வீண் என்பதல்ல. இடுப்பு வலியுள்ள உம்மாவுக்கு வொஷிங் மெஷின் ஹாஜிய்யாத்தில் சேரும். பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்கினால் அதே மெஷின் வேறு படிக்குப் போய்விடும்.

கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்குரியது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. விருந்தாளிக்கும் இடம் வைத்த மார்க்கம், வீண் பெருமைக்கு இடம் வைக்கவில்லை.

"உங்கள் இளைய மகன் வாப்பாவுடன் எத்தனை பெருநாள் தொழுதிருக்கிறான்?" என்று அச்சகோதரியிடம் கேட்டேன். "ஒன்றுகூட இல்லை மௌலவி" என்றவர், தலையைக் குனிந்துகொண்டார்.

சந்ததியைப் பேணுவது முதலாம் படி. வாகனம் எந்தப் படி?

குற்றம் அவருடையது மட்டுமல்ல. கணவர், மாமியார், ஊரார் என எல்லோரும் சேர்ந்துதான் பட்டியலை நீட்டுகிறோம். ஆகவே சகோதரிகளே, இன்றிரவே கணவருடன் பேசுங்கள். கடன், பிள்ளைகளின் படிப்பு, அன்றாடச் செலவு ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். அதற்கடுத்த வரியில் அவர் ஊர் திரும்பும் திகதியை எழுதுங்கள். மற்றவை அதன் கீழே வரட்டும்.

போதுமென்ற மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.